வெள்ளிக்கிழமைப் பகலுணவும் விண்டோஸ் எழாமையும்: தஞ்சோங் பகாரை முன்வைத்து ஓர் ஆய்வு

கணினி ஏன் எழவில்லை என்று ஆராய்ந்தவர் பலர். அந்த நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஏன் எழவில்லை என்று ஆராய்ந்தவர் எவருமில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட நாள் 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. எடுத்துக்கொண்ட களம் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார். அலுவலகக் கோபுரமும் உணவங்காடியும் முகம் பார்த்து நிற்கும் வட்டாரமாதலால், உழைப்பையும் உணவையும் ஒருசேர அளக்க ஏற்றது.

முதலில் தரவு. அன்று சிங்கப்பூர் நேரம் நண்பகல் 12.09க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கான கோப்பு ஒன்றை உலகெங்கும் அனுப்பியது. 1.27க்கு அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் இணைப்பிலிருந்து அதைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன, எழுந்தன, மறுபடி விழுந்தன. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் அவை 85 லட்சம். சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவு செய்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார்நிறுத்துமிடங்கள் சிலவும் பாதிக்கப்பட்டன. இந்தியாவில் இண்டிகோ, போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தது. (கையெழுத்து நன்றாக இருந்தது என்பது இந்த ஆய்வாளரின் தனிக்கருத்து.)

இனிக் கோட்பாடு. தஞ்சோங் பகாரில் 12.09 முதல் 1.27 வரையிலான பொழுது எது? பகலுணவுப் பொழுது. 12 அடித்ததும் மடிக்கணினியை மூடிவிட்டு மெக்ஸ்வெல் உணவங்காடியில் கோழிச் சோற்று வரிசையில் போய் நின்றவரின் கணினி உறங்கியது. உறங்கும் கணினிக்குக் கோப்பு வராது. ஜும்ஆத் தொழுகைக்காக நேரத்தோடே மூடிவைத்துவிட்டுத் தெலுக் ஆயர் தெருவின் அல் அப்ரார் பள்ளிக்கு நடந்தவரும் அவ்வாறே காக்கப்பட்டார். “இந்த ஒரு மின்னஞ்சலை மட்டும் முடித்துவிடுகிறேன்” என்று விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே பொட்டலத்தைப் பிரித்தவரின் கணினிதான் விழுந்தது. சென்னையில் அப்போது காலை 9.39, அங்கே இதே காவலைப் பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசல் செய்திருக்கும்.

அற்றேல், விமான நிலையத்து முகப்புக் கணினி சாப்பிடப் போகுமோ எனின், போகாது; அதனாலேயே விழுந்தது. ஆக அது கோட்பாட்டுக்கு மறுப்பன்று, சான்றே.

விழுந்த விதத்தையும் பார்க்க வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் வகுத்திருந்த வார்ப்பு 21 உள்ளீடுகளுக்கானது. மென்பொருள் கொடுத்தவையோ 20. இருபத்தொன்றாம் இடத்தில் அதுவரை “எதுவானாலும் சரி” என்ற குறியே இருந்ததால் குட்டு வெளிப்படவில்லை. அன்று வந்த கோப்பு அந்த இடத்தையும் பார்க்கச் சொன்னது. இல்லாததைத் தேடிப்போன மென்பொருள், தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் கைவைத்தது. சாதாரணச் செயலி இதைச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். இதுவோ விண்டோஸின் உட்கருவான கெர்னலுக்குள் அமர்ந்திருப்பது. கெர்னலில் பிழை நேர்ந்தால், மேலும் கேடு வராமலிருக்க விண்டோஸ் முழுவதுமாக நின்றுவிடும். போதாக்குறைக்கு, கணினி பூட் ஆகும்போதே இந்தக் காவல் மென்பொருளும் எழுந்துவிடும். ஆகவே எழும்போதெல்லாம் விழுகை.

நன்னூலார் பவணந்தியார் நூலுக்கு வகுத்த பத்துக் குற்றங்களில் பாதி இந்த ஒரு கோப்பாலேயே வெளிப்பட்டிருப்பதை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. இருபதே கொடுத்தது குன்றக் கூறல். இருபத்தொன்று கேட்டது மிகைபடக் கூறல். இரண்டும் மோதியது மாறுகொளக் கூறல். எழுந்து எழுந்து விழுந்தது கூறியது கூறல். நீலத்திரையோ ஐயத்துக்கிடமின்றி நின்று பயனின்மை. நிறுவனத்தின் சரிபார்ப்பு நிரல் இக்கோப்பைத் தேர்ச்சி என்று அனுப்பிவிட்டது. அந்த நிரலிலும் பிழை இருந்ததாம். பவணந்தியாராக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

தீர்வு வெட்கப்படும் அளவுக்கு எளிது. சேஃப் மோடில் நுழைந்து, டிரைவர்ஸ் உறைக்குள் கிரவுட்ஸ்ட்ரைக் உறையைத் திறந்து, 291 எண் தாங்கிய கோப்பை அழித்துவிட்டுப் பூட் செய்ய வேண்டும். ஆனால் எழாத கணினியைத் தூரத்திலிருந்து தொட முடியாதாகையால், பெரும்பாலும் ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவியையும் அடிக்க வேண்டும். சாவிப் பட்டியலை வைத்திருக்கும் சர்வரே எழாமற்போன இடங்களில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அச்சுக்குரியதன்று. அஸூர் மேகக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன யோசனை இன்னும் உயர்ந்தது: மறுபடி மறுபடி பூட் செய்யுங்கள், 15 முறைகூட ஆகலாம். “அணைச்சுப் போட்டுப் பாருங்க” என்ற முறையை இதுவரை எள்ளியவர்கள் இங்கே சற்று நின்று தலைகுனிய வேண்டும்.

இப்படி ஆட்களை நிறுத்திச் சமாளிப்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதுமன்று. செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூல் சொல்லும் பழங்கதையொன்றைத் தஞ்சோங் பகாரோடு சேர்த்துச் சொல்வதுண்டு. வாள்மீன்கள் கரையில் பாய்ந்து மக்களைக் குத்தின. ராஜா ஆட்களையே வரிசையாக நிறுத்தி அரண் அமைத்தார். அரணே குத்துப்பட்டுச் செத்தது. வாழைத்தண்டுகளை நிறுத்தச் சொன்னான் ஒரு சிறுவன். மீன்கள் அவற்றில் சிக்கின. இத்தனை அறிவு பின்னாளில் ஆபத்து என்று சிறுவனையே கொன்றுவிட்டார் ராஜா. ஐடி உதவி மேசைக்காரர்கள் இக்கதையை அறிந்திருப்பது நல்லது. இப்போதெல்லாம் கொல்வதில்லை, திங்கட்கிழமைக் கூட்டத்தில் “ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்பதோடு சரி.

கோப்புகளை இனிப் படிப்படியாக அனுப்புவதாக கிரவுட்ஸ்ட்ரைக் அறிவித்தது. பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே குடியேற்ற மைக்ரோசாஃப்ட்டும் முயல்கிறது. இரண்டும் வரவேற்கத்தக்கவை, ஆனால் இரண்டும் வாசகர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது மடிக்கணினியின் மூடி. 12 மணிக்கு அதை மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள். கோழிச் சோற்று வரிசை நீளமாக இருந்தால் இன்னும் நல்லது: 1.27க்கு முன்னால் திரும்பிவிடாதீர்கள்.