பனியன் மாற்றிய கட்டுரையாளர்

மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் வட்டாரத்து மேல்நிலை வகுப்புகளில் அண்மைக் காலமாகப் பல்கி வரும் ஒருவகை மாணவரை, வேறு பொருத்தமான பெயர் கிடைக்காமையால், கட்டளைக் கட்டுரையாளர் என்று அழைக்கலாம். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே விடை எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர்த் தோன்றிய இவ்வினத்தாருக்குக் கோனார் உரையைப் பார்த்து எழுதியவர்களே முன்னோர். எனினும் ஆசிரியரின் மேசையிலும் அதே உரைநூல் கிடந்தமையால் முன்னோரின் களவு பக்க எண்ணோடு பிடிபட்டது, இவருக்கோ அந்த இடையூறு இல்லை.

பாடத்துக்குரிய 100 மதிப்பெண்ணில், வருகை, ஒப்படைப்பு முதலியவற்றுக்காகப் பள்ளியே வழங்கும் அகமதிப்பீடு 10 மதிப்பெண் ஆகும். அதன்பொருட்டு இவர் மேற்கொள்ளும் உழைப்பு சாதாரணமானதன்று. செயலி அரை நிமிடத்தில் கொட்டியதைக் கோடிட்ட தாளில், ஓரம் விட்டு, தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச் பேனா தீட்டி, இரண்டு மணி நேரம் பார்த்தெழுதுகிறார்; விரல் வலிப்பது உண்மையாதலால் கட்டுரையும் தம்முடையதே என்னும் நம்பிக்கை வலுப்பெறுகிறது.

‘எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு’ என்ற தலைப்பு தரப்பட்டபோது, காளைகள் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடப்படும் வாடிவாசலுக்குக் கூப்பிடு தொலைவில் பிறந்து வளர்ந்த இவர், அதனையும் செயலியிடமே கேட்டார். “நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ” என்று தொடங்கிய அக்கட்டுரை, வீரர்கள் காளையின் வாலைப் பற்றி அடக்குவர் என்று நடுவில் உரைத்து, “இதனை இன்னும் எளிமையாக்கித் தரட்டுமா?” என்று பணிவுடன் முடிந்தது. அக்கடைசி வரியின் கீழ்த் தமிழய்யா சிவப்பு மையால் ‘வேண்டாம்’ என்று எழுதினார்.

“யார்றா எழுதுனது?”

“நானேதாங்கய்யா. கையெழுத்தப் பாருங்க.”

எழுதியது மனிதரா இயந்திரமா என்று கண்டறிய அச்செயலியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, துல்லியம் போதாமையால் அவ்வாண்டு ஜூலையிலேயே திரும்பப் பெறப்பட்டது. தமிழய்யாவுக்கோ வால் ஒன்றே போதுமானதாயிற்று.

இதனால் இவரை நேர்மை அறியாதவர் என்று கொள்வது பிழை. தை மூன்றாம் நாள் களத்தில், திமிலை விட்டுவிட்டு வாலைத் தொட்டவரை வெளியேற்றும்படி முதலில் கூவுபவர் இவரே. 2021-ஆம் ஆண்டுப் போட்டியில் முதற்பரிசுக்குரியவர் வேறொரு வீரரின் பனியனை அணிந்து களமிறங்கினார் என்று எழுந்த புகாரைப் பற்றிப் பேச்செடுத்தால், “அடுத்தவன் பனியனப் போட்டு செயிச்சா அது ஒரு செயிப்பா?” என்று இன்றும் கொதிக்கிறார். தம் கட்டுரையின் முகப்பில் தாம் எழுதும் பெயரும் அத்தகைய பனியன்தான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றுவதில்லை.

இன்னும் வியப்புக்குரியது, செயலியைப் பொறுப்புடன் பயன்படுத்தும் முறையும் இவருக்கு நன்கு தெரியும் என்பதாகும். வீட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டை எவ்வளவு வைப்பது என்று ஒருமுறை அதனிடம் கேட்டவர், வந்த விடையை நம்பிவிடாமல் தாத்தாவிடம் காட்டி, அவர் தலையசைத்த பின்னரே தொட்டியில் கொட்டினார். காளையின் வயிற்றுக்குக் காட்டிய இந்த எச்சரிக்கையில் கால்பங்கைக் கட்டுரைக்குக் காட்டியிருந்தாலும், எழுதிய பின் பிழை திருத்தவும் விளங்காத கணக்கை விளக்கிக் கொள்ளவும் மட்டும் செயலியை நாடும் நல்ல மாணவராக அவர் ஆகியிருப்பார்.

அந்தக் கட்டுரையை அவர் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. தமிழ்ப் பாடத்தின் எஞ்சிய 90 மதிப்பெண்ணுக்குரிய விடைகளைப் பொதுத்தேர்வு அறையில் எழுத வேண்டும். அங்கே செல்பேசிக்கு அனுமதி இல்லை.