தாமுல்: ஒரகடம் நோக்கில் ஓர் அசாமியப் பாக்கியல் ஆய்வு

நம் கல்யாணத்தைத் தாலி தாங்கி நிற்கிறது. அசாமியக் கல்யாணத்தில் தாலி கிடையாது. அப்படியானால் அங்கே பாரம் எதன் மேல் இறங்குகிறது? பாக்கின் மேல் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வுக்களம் ஒரகடம் சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் தொடங்கி நல்பாரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முடிகிறது. மாதிரி அளவு: ஒரு கல்யாணம். போதாது என்பவர்கள் தாம்பரத்தில் ஏறி, இரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்து, கௌஹாத்தியில் இறங்கிவிட்டு வந்து பேசட்டும்.

மார்கழியை அசாமியரும் 'பூஹ்' என்று பெயரிட்டுக் கல்யாணத்துக்கு ஆகாததாக ஒதுக்குவதால், தை பிறந்ததும் எங்கள் லைனில் அசாம் பையன்களின் லீவு லெட்டர் குவியும். அப்படியொரு நாள், ஷிப்ட் முடிந்து கான்டீன் வாசலில் நின்ற என் கழுத்தில் ஓர் அசாம் பையன் சிவப்புக்கரைத் துண்டைப் போட்டான். அது கமோசா, 2022இல் புவிசார் குறியீடு பெற்ற துண்டு. பிறகு ஒரு வெற்றிலையின் மேல் முழுப் பாக்கு ஒன்றை வைத்து இரண்டு கையாலும் நீட்டி, "சார், தாமுல்" என்றான்.

"ஆமாம்டா, தமிழ்தான். அதுக்கென்ன இப்போ?" என்றேன்.

தங்கச்சி கல்யாணத்துக்குப் பாக்கு வைத்து அழைக்கிறான் என்று விளங்க நாலு பேர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

சொல்லாராய்ச்சி. தாம்பூலம் என்றால் நமக்கு வெற்றிலை, பாக்கு இரண்டும் சேர்ந்தது. அசாமியர் அந்தச் சொல்லைத் தாமுலாக்கிப் பாக்குக்குக் கொடுத்துவிட்டு, வெற்றிலைக்குப் பான் என்று தனியே வைத்துக்கொண்டார்கள். கௌஹாத்தி என்ற பெயரையே குவா, ஹாட் என்று பிரித்துப் பாக்குச் சந்தை என்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் இன்று காட்டையும் கோட்டையையும் தேடுவது வீண். கௌஹாத்தியில் பாக்கைத் தேட வேண்டியதே இல்லை. தாமுல் வைத்து நீட்டும் கால் வைத்த வெண்கலத் தட்டை ஷராய் என்று எழுதி ஃகொராய் என்பதுபோல் படிக்கிறார்கள். 'ழ' எழுதி 'ல' படிக்கும் நமக்கு இதைக் கேலி செய்யத் தகுதியில்லை.

இனி முதன்மைச் சான்று, நல்பாரிப் பக்கத்துக் கிராமத்தில். கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை வீட்டார் 'ஜோரோண்' கொண்டுவந்தார்கள். நம் நிச்சயதாம்பூலம் மாதிரிதான், ஆனால் சீரில் மீன் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் வகிட்டில் ஒரு பாக்கையும் மோதிரத்தையும் வைத்து, மேலே மூன்று முறை எண்ணெய் வார்த்தார். பாக்கு அசையவில்லை. எண்ணெய் காதோரமாய் வழிந்து புதுச் சாதர் மேலாடையில் சொட்டியும் பெண் அசையவில்லை. எங்கள் ஜிக்கில் இறுக்கிய தகடுகூட இப்படி நின்றதில்லை. பிறகு செந்தூரம், சுற்றிலும் குலவை. கண்ணை மூடிக்கொண்டால் மதுரைப் பக்கம் முளைப்பாரி போகிறது என்றே நினைக்கத் தோன்றும். அடுத்துப் பெண்கள் சம்பந்தி வீட்டாரை வம்புக்கிழுத்துப் பாடினார்கள். என்ன பாட்டென்று கேட்டேன். "அவங்க கொண்டு வந்த தாமுல் சின்னதாம், சார்." கருதுகோள் வலுப்பட்டது.

அடுத்தது, கல்யாணத்தன்று, பரிசோதனை; எலி நானே. நம்மூர்ப் பாக்கு வெந்து, காய்ந்து, சீவலாகி, வாசனையும் பூசிக்கொண்ட ஓய்வூதியர். தாமுலோ ஈரம் காயாமல் நாலாய் வகிர்ந்து, சுண்ணாம்போடு வருகிறது. மண்ணில் புதைத்துப் பதமாக்கியதும் உண்டு. அதன் மணம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பச்சைத் தாமுலை நான் சீவல் மாதிரி அதக்கினேன். முதலில் காது சூடேறியது. பிறகு அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்தது. பந்தல் கம்பம் இரண்டாகத் தெரிந்தபோது, கைக்கு எட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது மாப்பிள்ளைக்குப் போட்டது. கால் கழுவிக் காசு வாங்கும் உரிமையுள்ள பெண்ணின் குட்டித் தங்கை செம்போடு வந்து நின்றாள். ஆள் மாறியது தெரிந்து கழுவவில்லை. ஆனால் காசு வாங்காமல் நகரவும் இல்லை.

ஹோமமும் மந்திரமும் இருந்தனவே என்று மறுப்பார் உண்டு. இருந்தன. நள்ளிரவு தாண்டி நடந்த அவற்றுக்குக் கண்விழித்தவர்கள் பெண், மாப்பிள்ளை, புரோகிதர். மற்ற எல்லாரும் பாக்குத் தட்டைச் சுற்றி விழித்திருந்தார்கள்.

எதிர்ச்சோதனை ஸ்ரீபெரும்புதூரில், என் அக்கா மகள் கல்யாணத்தில். அந்த அசாம் பையன் வந்து சாப்பிட்டுத் தாம்பூலப் பையோடு மண்டபப் படியில் உட்கார்ந்தான். தேங்காயை எடுத்து வைத்தான். சீவல் பாக்கெட்டைக் குலுக்கினான். கிழித்து உள்ளங்கையில் கொட்டி விரலால் துழாவினான்.

"சார், தாமுல் எங்கே?"

"அதுதான்டா."

என்னை ஒரு மாதிரி பார்த்தான். சீவலைக் கர்சீப்பில் முடிந்துகொண்டு, பேன்ட் பையிலிருந்து ஒரு முழுப் பாக்கை எடுத்து, நாங்கள் கொடுத்த வெற்றிலையின் மேலேயே வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.