விருந்து, வீடு, வயர் கூடை: நலம் விசாரிப்பின் இலக்கணம்

உறவினர் இருவர் சந்தித்தால் ஒருவர் ‘என்ன விசேஷம்?’ என்று கேட்பதும் மற்றவர் விடை சொல்வதும் நெடுநாள் வழக்கம். கேள்வி எல்லோருக்கும் தெரியும். விடையின் அமைப்பைத்தான் அறிஞர்கள் கண்டுகொள்ளவில்லை. தொல்காப்பியர் பொருளதிகாரத்துக்கு ஒன்பது இயல்கள் ஒதுக்கினார். ஆனால் களவுக்கும் கற்புக்கும் நடுவே கிரெடிட் கார்டு சலுகைக்கு அவர் இடம் வைக்கவில்லை. அந்தக் குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வின் வட எல்லை கிண்டி, தென் எல்லை மேடவாக்கம். சான்றுகள் பெரும்பாலும் கல்யாண மண்டபங்களில், இரண்டாம் பந்திக்கு நாற்காலியின் பின்னால் நின்று காத்திருந்தபோது திரட்டியவை. பசி நேரத்தில் மனிதர் பொய்யைச் சுருக்கிச் சொல்வர் என்பதால் அக்களம் நம்பகமானது.

முதலில் மூலபாடம். தகவலாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. கேட்டவர் அவருடைய கணவரின் அத்தை.

“ஒண்ணும் விசேஷமில்லை அத்தை. போன வாரம் இவரு பொறந்தநாளுக்கு கிண்டி சோழாவுக்குப் போயிருந்தோம், சும்மா லஞ்ச்தான். அப்புறம் மேடவாக்கத்துல ஒண்ணு பார்த்துட்டிருந்தோமில்ல, அது முடிஞ்சிருச்சு. அதை விடுங்க, நான் ஒரு வயர் கூடை போட்டிருக்கேன். சிவன் கண்ணு. நீங்க அவசியம் வந்து பார்க்கணும்.”

‘ஒண்ணும் விசேஷமில்லை’ என்பது பாயிரம். அது இல்லாமல் எந்த விசேஷமும் தொடங்கியதாக நம் ஏடுகளில் பதிவில்லை. உண்மையிலேயே விசேஷம் இல்லாதவர்கள் இப்படிச் சொல்வதில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வார்கள்.

பாயிரத்தை அடுத்து வருவது விருந்து. ஊரறியச் செலவழிப்பதே வசதி படைத்தோரின் தொழில் என்ற பொருளில் தார்ஸ்டைன் வெப்லன் 1899இல் ஒரு நூல் எழுதினார். அவர் அமெரிக்கப் பணக்காரர்களைப் பார்த்து எழுதினாரே தவிர நம் மாதச் சம்பளக்காரர்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ‘சும்மா’வுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருப்பார். 2012இல் கிண்டியில் திறந்த அந்த மாளிகை விடுதிக்கு யாரும் சும்மா போவதில்லை. படிக்கட்டில் நின்று படமெடுத்துக்கொண்டு, பத்து நாட்டுப் பதார்த்தங்களைக் கடந்து, கடைசியில் சுடச்சுட வார்த்துத் தரும் தோசைக்கு வரிசையில் நிற்கிறார்கள். தட்டு நிரம்பினாலும் சுவையைப் பற்றி ஒரு சொல்லும் மூலபாடத்தில் இல்லை. விலையும் இல்லை, கேட்டால் ‘கார்டுல ஆஃபர் இருந்துச்சு’ என்பதோடு சரி. அதே தோசைக்குத் தெருமுனை உணவகத்தில் வரி 5 விழுக்காடு. அறை வாடகை நாளுக்கு 7500 ரூபாயைத் தாண்டும் விடுதியில் 18 விழுக்காடு. மாடியில் யாரோ ஒருவர் படுத்துறங்கும் மெத்தையின் விலை, கீழே நம் தோசையின் வரியை நிர்ணயிக்கிறது. இது தனி ஆய்வுக்குரியது. இங்கே விட்டுவிடுவோம்.

அடுத்து வீடு. இங்கேதான் ஆய்வாளனுக்குத் தீனி. மூலபாடத்தில் வீடு என்ற சொல்லே வரவில்லை. வாங்கியவர் யார் என்பதும் இல்லை. மழை பெய்து ஓய்ந்ததுபோல் ஏதோ ஒன்று தானாக ‘முடிஞ்சிருச்சு’. இருபது வருட வங்கிக் கடனில் கணவனும் மனைவியுமாக இட்ட கையெழுத்துகள், தாய்ப்பத்திரத்தைத் தேடி அலைந்த அலைச்சல், வக்கீலின் ‘லீகல் ஒப்பீனியன்’, பழைய உரிமையாளரின் தம்பி கடைசி நிமிடத்தில் கிளப்பிய தகராறு, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

பரப்பளவைக் கேட்டால் இன்னும் நுட்பம். ‘ஆயிரத்து இருநூறு’ என்று விடை வரும். அது மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை, காவலாளி உட்காரும் மூலை ஆகியவற்றில் அவரவர் பங்கையும் சேர்த்த ‘சூப்பர் பில்ட்-அப்’ கணக்கு. மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்து, ‘கார்ப்பெட் ஏரியா’ என்றால் என்ன என்று வரையறுத்தது. வீட்டுக்குள் உள்ள தடுப்புச் சுவர் அதில் சேரும். வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது. சட்டம் கட்டுநரைக் கட்டுப்படுத்தலாம், அத்தையிடம் பேசும் மருமகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே ஊருக்குச் சொல்ல 1200 சதுர அடி. நாத்தனார் குடும்பம் கோடை விடுமுறைக்கு வந்து தங்குகிறோம் என்று சொன்ன மறுகணம் அதே வீடு சுருங்கி ‘உள்ளே ரொம்பச் சின்னது, படுக்கவே இடம் இல்லை’ என்றாகிவிடும். ரப்பரைத் தவிர வேறெந்தக் கட்டுமானப் பொருளுக்கும் இவ்வளவு நெகிழ்ச்சி இல்லை.

விலை ஒருபோதும் சொல்லப்படுவதில்லை. ஆனால் கசியவிடப்படுகிறது. தகவலாளர் பெருமூச்சோடு, ‘ரிஜிஸ்ட்ரேஷனுக்கே ஒம்பது லட்சம் ஆயிருச்சு’ என்பார். இது புலம்பல் அன்று. எதிரில் இருப்பவரின் கணித அறிவின் மேல் வைக்கும் மரியாதை. தமிழ்நாட்டில் கைமாறும் பழைய வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஒன்பது விழுக்காடு ஒன்பது லட்சம் என்றால் பத்திரத்தில் ஏறிய தொகை ஒரு கோடி. அத்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். விடை கண்டுபிடிக்க அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. பத்திரத்தில் ஏறாத தொகை எவ்வளவு இருக்கும் என்பதையும் சேர்த்தே அவர் முகம் கணக்கிட்டது.

விலையை மறைப்பதில் பயனும் இல்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்தால் வில்லங்கச் சான்றைக் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். யார் விற்றார், யார் வாங்கினார், கைமாற்றுத் தொகை எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். சொத்தில் வில்லங்கம் உண்டா என்று பார்க்க அரசு செய்து வைத்த வசதி இது. ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் இதை வேறு நோக்கத்துக்கும் பயன்படுத்துகிறார்கள்.

இனி கூடை. ஒரு கோடி ரூபாய்ச் சொத்துக்கு அரை வாக்கியம் ஒதுக்கிய அதே வாய், சில நூறு ரூபாய் வயருக்குக் கால் மணி நேரம் ஒதுக்குகிறது. சாதா முடிச்சில் தொடங்கியது, பிஸ்கட் முடிச்சுக்கு மாறியது, நெல்லிக்காய் முடிச்சு கைகூடாமல் அவிழ்த்தது, கடைசியில் சிவன் கண் முடிச்சுக்கு வந்தது, கைப்பிடிக்கு வயரை எத்தனை மடிப்பு வைப்பது என்பதில் மாமியாரோடு கருத்து வேறுபட்டது, எதுவும் விடுபடாது. இதற்கு விளக்கம் என்ன?

பார்க்கின்சன் என்பவர் 1950களில் ஒரு விதி சொன்னார். ஒரு நிதிக்குழு அணு உலைக்கான பெருந்தொகையைச் சில நிமிடங்களில் ஒப்புக்கொள்ளும்; சைக்கிள் கொட்டகைச் செலவுக்கு நெடுநேரம் வாதாடும். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும் என்பது அவர் தந்த காரணம். அந்த விதி இங்கே பொருந்தாது. நம் தகவலாளருக்கு வீட்டுக் கணக்கு பைசா சுத்தமாகத் தெரியும். தெரிந்ததால்தான் பேசவில்லை.

எங்கள் கொள்கை இது: கூடை என்பது செய்திக்கு வைக்கும் திருஷ்டிப் பொட்டு. நட்சத்திர விருந்தை மட்டும் சொன்னால் கண் படும். வீட்டை மட்டும் சொன்னால் ‘எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே’ என்ற மனத்தாங்கலும், சில நாள் கழித்துக் கைமாற்று கேட்டு ஒரு தொலைபேசி அழைப்பும் வரும். கடைசியில் கூடையைக் கொண்டுவந்து வைத்தால் கேட்பவர் மூச்சு விடுகிறார். இவள் இன்னும் நம்மைப்போல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வயர் முடைகிறவள்தான் என்று சமாதானம் அடைகிறார். வரிசையை மாற்றிச் சொன்ன ஒருவரையும் கவனித்தோம். கூடையை முதலில் சொல்லி வீட்டைக் கடைசியில் வைத்தார். எதிரில் இருந்தவர் ‘ஓ’ என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வரவில்லை.

கூடைக்குப் பதில் தஞ்சாவூர் ஓவியம் ஆகாதா என்ற தடை எழலாம். ஆகாது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சில் மேடு கட்டி, தங்கத் தகடு பதித்து முடித்ததும் அது சுவரில் ஏறி வீட்டோடு சேர்ந்துகொள்கிறது. பொட்டாக இருக்க மறுக்கிறது. ஆரி ஒர்க் ரவிக்கையும் அப்படித்தான், அடுத்த விருந்துக்குப் போய்விடும். குரோஷே தேறலாம். புடவைக் குச்சு கட்டுவதும் தேறலாம், சொந்தப் புடவையாக இல்லாத பட்சத்தில்.

ஒரு விலக்கும் உண்டு, அதை எழுதாமல் விடுவது நேர்மை ஆகாது. அதே மேடவாக்கத்தில், அதே முடிச்சில் கூடை போட்டு விற்று வீட்டு வாடகை கட்டும் பெண்கள் இருக்கிறார்கள். ‘என்ன விசேஷம்?’ என்றால் அவர்கள் கூடையைப் பற்றிச் சொல்வதில்லை. வயர் விலை ஏறியதைச் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சில் கூடை பொழுதுபோக்கு ஆவதற்கு முதலில் ஒரு வீடு ‘முடிய’ வேண்டும் போலும். அதுவரை அது கூலி.

மூன்று பொருளும் தனித்தனியே நிற்காமல் ஒன்றாகும் இடம் கிரகப்பிரவேசம். வீடு அங்கேயே இருக்கிறது. விருந்து இலையில் இருக்கிறது. தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுத் தரும் தாம்பூலக் கூடை, வீட்டுக்காரியே போட்டது என்ற அறிவிப்போடு, கைக்கு வருகிறது. அன்று யாரும் ‘ஒண்ணும் விசேஷமில்லை’ என்று சொல்வதில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி யாராவது உங்களிடம் கூடையைப் பற்றி நீட்டிப் பேசத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். எந்த முடிச்சு என்று மட்டும் கேளுங்கள். விலையை வில்லங்கச் சான்றில் பார்த்துக்கொள்ளலாம்.