கோவிந்தாவும் கரெக்‌ஷனும்

பணத்தை எங்கே தொலைத்தோம் என்பதைப் பொறுத்துத்தான் நம் ஊரில் மரியாதை. சீட்டிலோ குதிரையிலோ தொலைத்தால் 'விட்டான்'. எழுபது வயதானாலும் ஒருமைதான். ஃபைனான்ஸ் கம்பெனி இழுத்து மூடினால் 'ஏமாந்துட்டார், பாவம்'. லாட்டரியில் யாரும் எதையும் விட்டதே இல்லை. 'விழலை', அவ்வளவுதான். 2003-ல் தடை வரும்வரை தமிழ்நாட்டில் பாதிப் பேர் இந்த ஒரு சொல்லைச் சொல்லியே மறுநாள் டிக்கெட்டுக்குக் காசு எடுத்தார்கள்.

என் பெரியப்பா கிண்டியில் விட்டவர். ரேஸ் நாளென்றால் காலையிலேயே பென்சிலைச் சீவிக்கொண்டு ரேஸ் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் பெரியம்மா வாசலிலேயே நின்று, "கோவிந்தாவா?" என்பார். பெரியப்பா செருப்பைக் கழற்றியபடி, "கோவிந்தா" என்பார். அதோடு வரவு செலவுக் கணக்கு முடிந்தது.

1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. பெரியப்பா பேப்பரை மடித்துப் பெரியம்மாவிடம் நீட்டினார். "திறமை குதிரைக்குத்தானே?" என்று கேட்டுவிட்டுப் பெரியம்மா மொட்டைமாடிக்கு வத்தல் எடுக்கப் போனார். "தண்ணியில போடறீங்க காசை" என்றும் அடிக்கடி சொல்வார். 2024-ல் அந்தக் கிண்டி ரேஸ் மைதானத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே குளங்கள் வெட்டியபோதுதான் அது தீர்க்கதரிசனம் என்று புரிந்தது.

பணம் போனால் நமக்கு பக்தி பொத்துக்கொண்டு வரும். கோவிந்தா, அரோகரா, ஸ்வாஹா, போதாததற்குப் பட்டை நாமம். சைவ வைணவச் சண்டையை நஷ்டம் ஒன்றுதான் தீர்த்துவைத்திருக்கிறது. வள்ளுவர் சூதுக்கு முந்தைய அதிகாரமாகக் கள்ளுண்ணாமையையும் அடுத்ததாக மருந்தையும் வைத்தார். வரிசை தெரிந்த மனிதர்.

பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், ஷேரில் இருக்கிறார். சாமியே தேவைப்படாத இடம் அது. "விட்டுட்டியாண்ணே?" என்றால் கோபம் வரும். "விடறதாவது! மார்க்கெட் கரெக்‌ஷன்ல இருக்கு." விலை பாதியானால் ஆவரேஜ் பண்ணுகிறார். முக்கால்வாசி போனால் லாங் டெர்ம். ஆப்ஷனில் எக்ஸ்பைரி அன்று மொத்தமும் பூஜ்யமானால் 'லேர்னிங் காஸ்ட்'. விற்காதவரை நஷ்டமே இல்லையாம்; செல்போன் திரை முழுக்கச் சிவப்பாக இருப்பது வெறும் கலராம்.

எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்கிறது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வு. அதை அண்ணனிடம் காட்டினேன்.

"அப்ப 7 சதவீதம் பேர் சம்பாதிக்கிறான், பாத்தியா?" என்றார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தார். "கரெக்‌ஷன், கரெக்‌ஷன்ங்கறியே, அப்படின்னா என்னடா?"

"தப்பா ஏறினதைத் திருத்தறதும்மா."

"யார் காசுல?"

அண்ணன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.