பாட்னரையும் சேர்த்துத் தோற்பது எப்படி?

தம்பி, வாரும், இந்தப் பாயில் இரும். செருப்பை அங்காலே கழற்றும்.

உருத்திரபுரத்தில் எந்த வாய்க்கால் மதகடிக்குப் போனாலும் பின்னேரம் நாலு மணிக்கு மேல் ஒரு மர நிழலில் மூன்று பேர் இருப்பார்கள். ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர். லான்ட்மாஸ்ரரில் கூலிக்கு உழும் அண்ணை ஒருவர். வெற்றிலை இடித்துப் போடும் பெரியவர் ஒருவர். நாலாவது இடம் காலி. பத்து வருசமாக அந்த இடம் ஏன் காலியாகவே கிடக்கிறது என்று ஒரு நிமிடமும் யோசிக்காமல் வந்து இருந்துவிட்டீர். கெட்டிக்காரர். முதற்பாடம் உமக்குச் சொல்லித் தராமலே வந்துவிட்டது.

நான் பழக்கப்போவது 304. கொழும்புக் காசினோக்களில் இரண்டு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருப்பார்களே, அந்தப் போக்கர் வேறு. அங்கே தோற்கிறவர் தனியாகத் தோற்று, தனியாக ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போகவேண்டும். பார்க்கவே பாவம். 304இல் உமக்கு எதிரே பாட்னர் என்று ஒரு மனிதர் இருப்பார். நீர் விழும்போது அவரையும் பிடித்துக்கொண்டு விழலாம். இந்த வசதி போக்கரில் இல்லை.

விதியை ஒருதரம் சொல்கிறேன். மறப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே. இரண்டு தொடக்கம் ஆறு வரையான தாள்களை எடுத்து வைத்தால் கட்டில் மிச்சம் 32. ஆளுக்கு எட்டு. பெரிய தாள் ராசா இல்லை, ஜாக், அதற்கு 30. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டும் ஏழும் வெறும் தாள். ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. முதல் நாலு தாள் கைக்கு வந்ததும் கேள்வி தொடங்கும், 160இல் ஆரம்பம். கூடக் கேட்டவர் ஒரு தாளைக் கவிழ்த்துத் துரும்பு வைப்பார். பிறகுதான் மற்ற நாலு தாளும் வரும். கேட்ட அளவு புள்ளியை அவரும் பாட்னரும் சேர்ந்து எட்டுப் பிடிக்குள் எடுத்தாக வேண்டும்.

(ராசாவுக்கு மூன்றே மூன்று புள்ளி கொடுக்கிற ஆட்டத்தை இந்த மண்ணுக்கு யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்பீர். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவர்களுடைய கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பு என்றால் ஜாக்கும் ஒன்பதும்தான் மேலே. ஆட்டின், ஸ்கோப்பன், கலாவரை, உருவித்தன் என்று நாலு சாதிக்கும் நாங்கள் சொல்வதெல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். கோட்டையை இங்கிலீசுக்காரரிடம் பறிகொடுத்தார்கள், இதைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள்.)

இனி வேலையைத் தொடங்குவோம்.

1. "ஒரு கைதான், போகவேணும்" என்று சொல்லிக்கொண்டு இரும். வீட்டில் தவிட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சைக்கிள் கரியரில் வெறும் உரப்பையைக் கட்டியபடியே இரும். மாடு பொறுக்கும்.

2. பாட்னரை யார் தீர்மானிப்பது? மற்ற மூன்று பேரும் கட்டை வெட்டித் தாள் எடுப்பார்கள். சின்னத் தாள் எடுத்தவர் உமக்கு எதிரே வந்து இருப்பார். இன்றைக்கு லான்ட்மாஸ்ரர் அண்ணை. அவர் பெருமூச்சு விடுவது வெக்கையினால்.

3. நாலு தாளைப் பார்த்துக் கேட்கிற ஆட்டம் இது. நீர் வரப்போகிற நாலு தாளைப் பார்த்துக் கேளும். கையில் ஆட்டின் ஜாக் ஒன்று, மற்ற மூன்றும் ஏழும் எட்டும். 160 கேட்கலாமா என்று தயங்குகிறவன் கோழை. 180 கேளும். இரண்டாம் தவணையில் ஒன்பது வரும், ஆசு வரும், சிவன் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டால் பத்தும் வரும்.

பாட்னர் ஏற்கெனவே 170 கேட்டிருந்தால்? அவருக்கு மேலே நீர் கேட்பதானால் 200 கேட்க வேண்டும் என்பது பல இடத்து வழக்கம். நல்ல கையை வைத்திருக்கிற பாட்னரைச் சும்மா விடு என்பதற்காக வைத்த வேலி அது. வேலி இருந்தால் பாயத்தானே வேண்டும்? 200 கேளும். அப்போது மற்றப் பக்கம் 105 எடுத்தாலே நீர் விழுந்தீர். அதை மனதில் கணக்குப் பார்க்காதேயும். மாஸ்ரர் பார்த்து முடித்துவிட்டார்.

4. தாளைச் சாதி சாதியாக அடுக்கும். துரும்பு எப்போதும் வலது ஓரத்தில். எந்த நாளும், எந்தக் கையிலும், வலது ஓரத்தில். பெரியவர் உம்முடைய முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க அதில் ஒன்றுமில்லை. நீர் எந்த ஓரத்திலிருந்து தாளை உருவுகிறீர், எங்கே தொட்டுவிட்டுக் கையை எடுக்கிறீர் என்று பார்ப்பார். மூன்றாம் பிடிக்குள் உம்முடைய கையை அவர் உம்மைவிடத் தெளிவாக அறிவார்.

கவிழ்த்து வைத்த துரும்பையும் அடிக்கடி தூக்கிப் பாரும். மூடின துரும்பின் பலம் அது மற்றவனுக்குத் தெரியாமல் இருப்பதில் என்பார்கள். உமக்கே இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் மறந்துபோகிற துரும்பை மற்றவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

5. எண்ணாதேயும்.

இதில்தான் முழு வித்தையும் கிடக்கிறது, கொஞ்சம் நின்று கேளும். ஒரு சாதியில் எட்டே எட்டுத் தாள். எந்த ஜாக் போனது, எந்த ஒன்பது இன்னும் வரவில்லை, யார் உருவித்தனுக்கு உருவித்தன் போடாமல் வெட்டினார், இவ்வளவுதான் விசயம். பத்து வயசுப் பிள்ளை செய்யும். சிறுபோகத்தில் முறைத் தண்ணீர் தன் வயலுக்கு எந்த மணிக்குத் திரும்பும், மேல்காணிக்காரன் எத்தனை மணித்தியாலம் களவெடுப்பான், இரணைமடுக் குளத்தில் இன்னும் எத்தனை அடி கிடக்கிறது என்று வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருக்கிற மனிதர்களுக்கு எட்டுத் தாள் ஒரு கணக்கா?

அந்தப் பெரியவர் 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் மூன்று தாள் குறைந்த கட்டோடு ஆடியவர். கூடாரத்துக்குள் நாள் போகாது, வேறு கட்டுக் கிடைக்காது. குறைந்த தாளுக்குப் பதிலாக பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி எழுதி வைத்தார்கள். மட்டை தடிப்பு, பின்பக்கமாகப் பார்த்தாலே யாரிடம் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் ஆட வேண்டும். அப்படி ஆடிப் பழகிய ஆளுக்கு முன்னால் இருந்துகொண்டு, நீர் கைத்தொலைபேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பாரும். "ஆட்டின் ஒன்பது போட்டுதோ?" என்று ஆறாம் பிடியில் கேளும். போய்விட்டது. நீர்தான் போட்டீர்.

6. பாட்னருக்குச் சைகை காட்டும். நெஞ்சைத் தொட்டால் ஆட்டின், காதைத் தொட்டால் கலாவரை, இருமினால் ஜாக் இருக்கிறது. பரீட்சை மண்டபத்தில் முப்பத்தைந்து வருசம் மேற்பார்வைக்கு நின்றவர் மாஸ்ரர். மேசைக்குக் கீழே பிள்ளைகள் துண்டு மாற்றுவதை மண்டபத்தின் மறுகோடியிலிருந்து பிடித்தவர். ஆகவே சைகை பெரிசாக இருக்கட்டும், அவருக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். உம்முடைய பாட்னருக்கு மட்டும் அது ஒருநாளும் விளங்காது. "தம்பிக்கு இருமல், ஆராவது கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ" என்பார்.

7. தோற்ற பிறகுதான் உம்முடைய ஆட்டம் ஆரம்பம். தாளைக் குலுக்க விடாதேயும். எட்டுப் பிடியையும் திருப்பி விரித்து வைத்து விசாரணையைத் தொடங்கும்.

"அண்ணை, நாலாம் பிடியில ஏன் ஸ்கோப்பன் பத்தைப் போட்டனீங்கள்?"

"நீர் வெட்டுவீர் எண்டு நினைச்சன்."

"நான் ஏன் வெட்டோணும்?"

"துரும்பு உம்மட்டைத்தானே இருந்தது."

இந்த இடத்தில் பேச்சை மாற்றும். கடைசிப் பிடிக்கு வாரும். கடைசிப் பிடி என்றால் ஆளுக்கு ஒரு தாள்தான் கையில் மிஞ்சும். அதையும் ஏன் போட்டீர்கள் என்று கேளும். அண்ணை வாயைத் திறந்து, பிறகு மூடி, வானத்தைப் பார்ப்பார். அதை உம்முடைய வெற்றியாக எழுதிக்கொள்ளும். அன்றைக்கு வேறு வெற்றி இல்லை.

எதிர்ப்பக்கத்து இரண்டு பேரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள், கவனித்தீரா? தாங்கள் எப்படி வென்றோம் என்றும் சொல்ல மாட்டார்கள். மாஸ்ரர் தாளைக் குலுக்குவார், பெரியவர் பாக்கு வெட்டுவார். உமக்கும் உம்முடைய பாட்னருக்கும் நடுவில் சண்டை நடக்கும்வரை அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. (வெளிநாடுகளிலும் சின்னக் காசுக்குப் போக்கர் ஆடுகிற கிழவர்கள் இப்படித்தானாம். புதுப்பெடியன் கோபப்படும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பார்களாம்.)

8. தோல்வியின் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடியும். கட்டு பழசு. வெய்யில் கண்ணில் அடித்தது. வடக்குப் பார்த்து இருந்தது பிழை. இடத்தை மாற்றும், கட்டை மாற்றும், அடுத்த நாள் வேறு சேட்டுப் போட்டு வாரும். மாற்ற முடியாத ஒன்றும் அந்தப் பாயில் இருக்கிறது, அதைப் பற்றி யோசிக்காதேயும்.

9. காசு விசயம். பொது இடத்தில் காசு வைத்து ஆடினால் பிடிக்க 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று நெடுங்காலம் உயிரோடு இருந்தது. காசினோக்காரருக்கு 2010இல் தனிச் சட்டமே செய்து கொடுத்தார்கள். மதகடிக்கு யார் செய்வார்கள்? ஆகையால் காசு என்ற சொல் அங்கே வராது. 'தேத்தண்ணி' என்பார்கள். ஒரு தேத்தண்ணி என்றால் நூறு ரூபா. மூன்று தேத்தண்ணி போன உடனே, யாரும் கேட்குமுன், "இனி ரெண்டு தேத்தண்ணியாக்குவம்" என்று நீரே சொல்லும். உம்முடைய பாட்னரிடம் அபிப்பிராயம் கேட்காதேயும். அவருடைய நூறும் உம்முடைய நூறும் வேறா?

பின்னேரம் முழுக்க ஆடி ஐந்நூறு வென்றால் வீட்டில் சொல்லும். ஆயிரத்து இருநூறு தோற்றால் தவிடு விலை ஏறிவிட்டது என்று சொல்லும்.

10. செத்த வீட்டு இரவை விடாதேயும். விடிய விடியப் பந்தலில் நாலைந்து கூட்டம் இருக்கும், பிளேன்ரி வந்துகொண்டே இருக்கும், ஒருவரும் காசு வைக்க மாட்டார்கள். காசு போகாத இடத்தில் மானம் போகும், அதுவும் மூன்று ஊர்ச் சனத்துக்கு முன்னால். செத்தவர் உமக்கு என்ன முறை என்று யாராவது கேட்டால், "பொறுங்கோ, துரும்பு பாக்கிறன்" என்று சொல்லும். ஜாக்கால் ஒன்பதைப் பிடித்தால் பாயில் ஓங்கி அடித்துக் கத்தும். உள்ளே ஒப்பாரி ஒருகணம் நிற்கும். திரும்பிப் பார்க்காதேயும், அடுத்த தாளைப் போடும்.

11. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரென்றால் உமக்கு மேலே சொன்ன ஒன்றும் தேவையில்லை. ஸ்காபரோவில் சுற்றுப்போட்டியில் கோப்பை எடுத்தேன் என்று ஒருதரம் சொல்லும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

12. இரண்டு நாள் போகாமல் இருந்து பாரும். மூன்றாம் நாள் பின்னேரம் படலையில் லான்ட்மாஸ்ரர் சத்தம் கேட்கும். அண்ணைதான். இறங்க மாட்டார், எஞ்சினையும் நிற்பாட்ட மாட்டார்.

"தம்பி, ஆள் காணேல்லை. மாஸ்ரர் தேடுறார். பெரியவரும் கேட்டவர், அந்தப் பெடியனுக்குச் சுகமில்லையோ எண்டு."

நெஞ்சு நிறையும். ஊரில் இவ்வளவு மதிப்பு இருக்கிறதென்று இதுவரை உமக்கே தெரியாது. சேட்டை மாற்றும், உரப்பையைக் கரியரில் கட்டும். அண்ணை இன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருக்கிறார். போகிற வழியில்தான் சொல்வார், தாள் வெட்டி முடிந்துவிட்டதாம், உம்முடைய பாட்னர் இன்றைக்கு மாஸ்ரர்.