முன்மொழிவார்

நெய்வேலியில் கடவுளுக்கே எழுத்து மூலமாகத்தான் விண்ணப்பிக்கிறார்கள். நடராஜர் கோயிலில் மனுநீதி முறைப்பெட்டி என்று ஒன்று உண்டு. குறையைத் தாளில் எழுதி அதில் போட்டு, ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மனு பெறப்பட்டது என்பதற்கு மணிச்சத்தமே அத்தாட்சி.

அப்படிப்பட்ட ஊரில் முப்பது வருஷம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். தொழிற்சங்க வாயிற்கூட்டம், கேன்டீன் கமிட்டி, பாதுகாப்புக் கமிட்டி எதையும் விட்டதில்லை. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்திரா நகரில் வீடு கட்டிக்கொண்டார். வீட்டில் கூட்டம் போட ஆள் போதவில்லை. இந்த நேரத்தில் யாரோ, “சார், தமிழ் விக்கிப்பீடியா பட்டறை நடக்குது, யார் வேணும்னாலும் வரலாம்” என்று சொல்லிவிட்டார்கள்.

ஆழ்வார், நாயன்மார் வரிசையில் இவரை முன்மொழிவார் என்று வைத்துக்கொள்வோம். பெயர்தான் என்னுடைய கற்பனை. ஆளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கூடினாலும் சரி, சென்னையில் மின்னூல் ஆர்வலர்கள் கூடினாலும் சரி, முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் கையில் டைரியோடு உட்கார்ந்திருப்பார். மடிக்கணினி கொண்டுவர மாட்டார். கொண்டுவந்தாலும் திறக்க மாட்டார்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். விக்கிப்பீடியா பட்டறையை நடத்திய தம்பியிடமும் அதையேதான் கேட்டார்.

“தலைவர் யாரு தம்பி?”

“தலைவர்னு யாரும் இல்ல சார்.”

“செயலாளர்?”

“அதுவும் இல்ல சார். எல்லாரும் பங்களிப்பாளர்தான்.”

“அப்ப யாரைக் கேட்டு எழுதுறீங்க?”

யாரையும் கேட்க வேண்டாம், ‘தொகு’ என்பதை அழுத்தி எழுதிவிட்டுப் போகலாம் என்றதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கேட்டில் காவலாளி இல்லாத சுரங்கத்தைக் கண்டவர் போல் ஆனார். நிர்வாகிகள் என்று சிலர் உண்டு என்றதும் கொஞ்சம் தெளிந்தார். அவர்கள் வேலை விஷமத் தொகுப்புகளைத் துடைப்பதும் தேவையற்ற பக்கங்களை நீக்குவதும்தான், சம்பளம் கிடையாது, பொன்னாடையும் கிடையாது என்று விளக்கியதும் மறுபடி வாடினார்.

யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலைஞர் இ. மயூரநாதனின் கதையை அந்தத் தம்பி சொன்னார். 2003-இல் அமீரகத்தில் இருந்துகொண்டே தமிழ் விக்கிப்பீடியாவின் இடைமுகத்தைத் தமிழாக்கி, கட்டுரைகளையும் எழுத ஆரம்பித்தவர். பிற்பாடு அவர் எழுதியவை ஆயிரக்கணக்கில் போயின. மற்றவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். 2013 செப்டம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பத்தாண்டு விழா நடந்தது. 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. முன்மொழிவார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கவலையோடு விசாரித்தார்: “ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கூட்டம்கூடப் போடலையா?”

அன்றைய பட்டறையில் அவர் நெய்வேலிக் கட்டுரையை விரிவாக்க ஒரு குழுவை முன்மொழிந்தார். அதை வழிமொழிய ஆளில்லாததால் தானே வழிமொழிந்தார். படங்களுக்குத் துணைக்குழு, எழுத்துப்பிழைக்குத் துணைக்குழு, துணைக்குழுக்களை ஒருங்கிணைக்க ஒரு குழு. தேநீர் வருவதற்குள் டைரியில் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி எதிலும் சேராமல் வில்லுடையான்பட்டு முருகன் கோயிலைப் பற்றி நான்கு பத்தி எழுதிச் சேமித்துவிட்டாள். முன்மொழிவார் அவளுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

சிரித்துக்கொண்டே இருந்த நான் ஒரு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. பேச்சு சுரங்கத்து நீர் பக்கம் திரும்பியபோது அவர் வேறு ஆளாகிவிட்டார். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. ராத்திரி ஷிப்டில் ஒரு பம்பு நின்றால் முதலில் எந்தச் சத்தம் மாறும், யார் எந்தப் பக்கம் ஓடுவார்கள், மழைக்காலத்தில் வெட்டுமுகத்துக்குப் போகிற பாதை எங்கே முதலில் வழுக்கும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் சொல்லச் சொல்லப் பஜ்ஜி ஆறிப்போனது.

“சார், இதை எழுதுங்க சார்” என்றார் தம்பி. “ஆனா சான்று கேப்பாங்க.”

“நானே சான்று.”

“நீங்க சான்றாக முடியாது சார். நீங்க சொன்னதை யாராவது புத்தகமாப் போட்டா, அந்தப் புத்தகம் சான்று.”

“முப்பது வருஷம் அங்க நின்னவன் சான்று இல்ல. எட்டிக்கூடப் பார்க்காதவன் எழுதினா அது சான்றா?”

விதி சரியானதுதான்; அது இல்லாவிட்டால் ஆளுக்கொரு வரலாறு எழுதுவார்கள். ஆனாலும் அந்த ஒரு கேள்வியில் நான் முன்மொழிவார் கட்சி. 1998 முதல் லிக்னைட் அரங்கத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கிற ஊர் இது. பம்புக்காரர்களின் அனுபவத்தையும் யாராவது புத்தகமாகப் போட்டிருக்கலாம். அந்த யோசனையைச் சொன்னேன். “நல்ல யோசனை, ஒரு குழு போடுவோம்” என்றார்.

கடைசியில் ரோஷம் வந்து, வாழ்நாளில் முதல் முறையாகத் தொகுத்தார். நெய்வேலிக் கட்டுரையில் ஒரு வாக்கியத்தின் நடுவே ‘அடியேன் நேரில் கண்டபடி’ என்று சேர்த்தார். கொஞ்ச நேரத்தில் யாரோ அதை நீக்கிவிட்டார். மனிதர் உடைந்துபோவார் என்று பயந்தோம். தம்பி தயங்கித் தயங்கி, “இதுக்குப் பேச்சுப் பக்கம்னு ஒண்ணு இருக்கு சார், அங்க ஆட்சேபணையைச் சொல்லலாம். பொது விஷயத்துக்கு ஆலமரத்தடின்னு தனியா ஒரு பக்கம்” என்றார்.

“அது எப்ப நடக்கும்?”

“எப்பவுமே நடந்துக்கிட்டு இருக்கும் சார்.”

முன்மொழிவார் எழுந்து நின்றுவிட்டார். முடியவே முடியாத கூட்டம்! பேசியதெல்லாம் அப்படியே பதிவாகிறது, நிகழ்ச்சிக் குறிப்பைத் தனியாக எழுத வேண்டியதில்லை. கடைசியில் நான்கு அலைக்குறி போட்டால் பெயரும் நேரமும் தானாக விழுந்து கையெழுத்தாகிவிடும். அன்று இரவே உட்கார்ந்து எட்டுப் பத்தி எழுதினாராம்.

மறுநாள் அவரிடமிருந்து புதிய ஆட்சேபணை வந்தது. தான் சரியாக இரவு ஏழு மணிக்குப் பேசியதை விக்கிப்பீடியா பதின்மூன்று முப்பது என்று பதிவு செய்திருக்கிறது. அது உலகப் பொது நேரம் என்று தம்பி எடுத்துச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. எந்தக் கூட்டத்தில், எத்தனை பேர் முன்னிலையில் அப்படி முடிவானது என்று ஆலமரத்தடியில் கேட்டிருக்கிறார்.