தள்ளு ஸ்டார்ட்

வாலாஜாபாத்தைச் சுற்றி நெல் விளைகிறது, கருங்கல் ஜல்லி விளைகிறது, அதற்கு அடுத்தபடியாகக் கார் விளைகிறது. வண்டலூர் சாலையில் அரை மணி நேரம் போனால் ஒரகடம். 2010 முதல் ரெனோ–நிசான் கார்கள் அங்கே பிறக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 1998ல் சான்ட்ரோ இறங்கியது அங்கிருந்துதான். வண்டலூர் வரை போய் இடப்பக்கம் திரும்பினால் பெருங்களத்தூர். ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் அங்கே இருந்தது. ஹெரால்ட் செய்தார்கள், 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்றைச் செய்தார்கள், கொஞ்ச நாளில் கடையைக் கட்டினார்கள்.

இத்தனை புதுக் கார் பிறக்கிற மண்ணில் இருந்துகொண்டு நான் ஓட்டுவது ஓட்டுப் போடும் வயதைத் தாண்டிவிட்ட ஒரு கார். அதன் பெயரை எழுதமாட்டேன். செய்தவர்கள் ஒழுங்காகத்தான் செய்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் அதற்கு நேர்ந்ததெல்லாம் ஓட்டியவர்களால் நேர்ந்தது. கடைசியாக ஓட்டுகிறவன் நான்.

கடன் வாங்கிப் புது வண்டி எடுப்பதுதானே என்பார்கள். எங்கள் ஊருக்குப் பேர் வந்ததே ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவால். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களிடம் அந்த மனுஷன் வாங்கிய கடன் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. 1785ல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே எழுந்து நின்று நெடுநேரம் பேசினார். இ.எம்.ஐ. எங்கே கொண்டுபோய் விடும் என்று வாலாஜாபாத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ரயில்வே ஸ்டேஷன் போர்டிலேயே எழுதியிருக்கிறது.

அதற்காகப் பழைய கார் வாங்கினால் பணம் மிச்சம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் பழைய கார் வைத்திருப்பதில்லை. மிச்சமாவது பயம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வாங்கின கதை.

பழைய காருக்கு இப்போது மரியாதை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. அம்பாசடருக்கோ ஃபியட்டுக்கோ பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த நாட்களில், கையோடு ஓட்டிக்கொண்டு போகக்கூடிய பழைய வண்டி புதிய வண்டியைவிட அதிக விலைக்குப் போனது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. அன்று அதன் விலை ஐம்பதாயிரத்துக்குள். 2014ல் உற்பத்தியை நிறுத்தினார்கள். இன்றைக்குத் தரகரிடம் போய்ப் பழைய 800 ஒன்று கேட்டாலும் பேச்சு ஏறக்குறைய அதே ஐம்பதாயிரத்தில்தான் ஆரம்பிக்கிறது. இத்தனை வருஷத்தில் இந்தியாவில் விலை ஏறாத பொருள் வேறு இருந்தால் சொல்லுங்கள்.

தரகர்களுக்கு என்று ஒரு புராணம் உண்டு. அதில் வரும் கார்களை எல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருப்பார்கள். "டாக்டர் வண்டி சார், கிளினிக்குக்கும் வூட்டுக்கும்தான் ஓடுச்சு." டாக்டர் இல்லாவிட்டால் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவரும் இல்லாவிட்டால் மிலிட்டரிக்காரர், அதுவும் வருஷத்தில் ஒரு மாதம் லீவில் வரும்போது மட்டும் ஓட்டியது. டிரைவிங் ஸ்கூலில் ஓடிய வண்டி, கல்யாண சீசனில் வாடகைக்கு ஓடிய வண்டி, பையன்கள் சேர்ந்து பாண்டிச்சேரி போய்வந்த வண்டி எதுவும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் விற்பனைக்கு வந்ததாகத் தகவல் இல்லை. நான் பார்த்த வண்டியின் மீட்டர் நாற்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. பிரேக் பெடலில் இருந்த ரப்பரோ தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. நாற்பத்திரண்டாயிரத்தில் அந்த அளவுக்குத் தேய வேண்டுமென்றால் டாக்டர் கிளினிக்குக்குப் போகிற வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் போயிருக்க வேண்டும்.

மீட்டர் பொய் சொல்லும், மற்றவை சொல்லாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பார்க்க வேண்டும். பால் ஏடு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், பேசாமல் வீட்டுக்கு வந்துவிடலாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் பெட்ரோலோடு ஆயிலும் எரிகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத ஒன்றுக்காக அய்யம்பேட்டையிலிருந்து மச்சானைக் கூட்டிப் போயிருந்தேன். மச்சான் நெசவாளர்.

மெக்கானிக்கைக் கூட்டிப் போகாமல் தறிக்காரரைக் கூட்டிப் போனதில் தரகருக்கு ஏக சந்தோஷம். டீ எல்லாம் சொன்னார். மச்சான் பானெட்டைத் திறக்கவே இல்லை. வண்டியை வெயிலுக்குத் தள்ளச் சொன்னார். பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளங்கையால் கதவைத் தடவிக்கொண்டே பின்பக்கம் வரை போனார்.

"மாமா, இதுல மூணு வெள்ள இருக்குது."

"மூணா?"

"முன்னால ஒரு சாயம், கதவு ஒரு சாயம். டிக்கி வேற பாவு மாமா. இங்க பாருங்க, பெட்னி போட்டுச் சேத்திருக்கான்."

பெட்னி என்பது பட்டுப்புடவையில் உடலையும் முந்தானையையும் தறியிலேயே இழை இழையாகச் சேர்க்கிற இடம். நம் கண்ணுக்கு அது ஒரே புடவை. அவர்கள் கண்ணுக்கு அங்கே ஒரு கோடு ஓடுகிறது. தரகர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சார் யாரு, இன்சூரன்ஸ் சர்வேயரா?" என்று கேட்டார். பின்னால் யாரோ இடித்து, டிக்கி கதவை மாற்றிப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தது பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அடிச்சட்டத்தில் அடி இல்லை என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம். பெட்னிக்கு எட்டாயிரம் குறைந்தது. மச்சான் பத்தாயிரம் குறையும் என்று எதிர்பார்த்தார்; வருகிற வழியெல்லாம் எனக்குப் பேரம் பேசத் தெரியவில்லை என்றார்.

கடைசியில் முடிந்த விலை, ஒரு சுமாரான கல்யாணப் பட்டின் விலை. இந்த ஒப்பீட்டை என் மனைவிதான் முதலில் செய்தாள். "அந்தக் காசுக்கு ஒரு புடவை எடுத்திருந்தா, அது பாட்டுக்குப் பீரோவுல இருந்திருக்கும். நடு ரோட்டுல நிக்காது."

காகித வேலை ஒரு தனி உலகம். படிவம் 29, படிவம் 30, பழைய ஓனருக்குக் கடன் பாக்கி இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று, படிவம் 35. பெயர் மாற்றாமலே சாவியை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அப்புறம் எங்கோ ஒரு சிக்னலைத் தாண்டியதற்கு ஏதும் அறியாத அந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு அபராதம் போகும். எனக்கு வாய்த்த முந்தைய ஓனர் புண்ணியவான். பதினைந்து வருஷம் முடிந்ததும் 2021லேயே ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டார். அப்போது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வயது தாண்டிய கார் என்றால் 10,000 என்று அறிவித்தார்கள். மனுஷனுக்கு வயதானால் ரயிலில் கீழ் பெர்த் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள்; வண்டிக்கு வயதானால் அபராதம் போடுகிறார்கள். ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வருஷத்துக்கு 2,094 ரூபாயும் வரியும். முழு இன்சூரன்ஸ் எடுக்கலாமா என்று கேட்டேன். ஏஜென்ட் வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, "எதுக்கு சார்?" என்றார்.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் மெக்கானிக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் பேசும் தமிழுக்குத் தனி அகராதி தேவை. "சின்ன வேலதான் சார்" என்றால் இரண்டாயிரம். "பாத்துக்கலாம் சார்" என்றால் ஐயாயிரம். ஒன்றுமே சொல்லாமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தூரத்தில் பார்த்தால், நானே ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பாகம் ஊரில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை. புதுப்பேட்டைக்கு நான் காரில் போனதில்லை; போக முடிகிற நிலையில் கார் இருந்தால் புதுப்பேட்டைக்கு என்ன வேலை? திருமால்பூரிலிருந்து வரும் மின்சார ரயிலை வாலாஜாபாத்தில் பிடித்து, செங்கல்பட்டு வழியாக எழும்பூரில் இறங்கினால் நடக்கிற தூரம். திரும்பும்போது மடியில் ஒரு செல்ஃப் மோட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்று சீட்டுக்காரர்கள் நாலாவதாக எனக்கு இடம் தரத் தயங்குவதில்லை. மோட்டாரில் இருந்து ஒழுகும் கிரீஸுக்குத்தான் தயங்குவார்கள்.

இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸும் வாஷரும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. மெக்கானிக் இதை எனக்கு விளக்கிய விதம்: "இத்தினி வருஷம் குடிக்காத மனுஷன் சார். திடீர்னு தினம் ஊத்திவுட்டா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?" ஹோஸை மாற்றினோம். சின்ன வேலைதான்.

பயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டுக்காரர் இந்த வருஷம் புதுக் கார் எடுத்தார். சீட்டு மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக்கை இன்னும் கிழிக்கவில்லை. இரவில் நாய் குரைத்தால் அவர் வீட்டு லைட் எரியும். எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ராப்பகலாக ஓடுகின்றன. தார்ப்பாய் சரியாகக் கட்டாத ஒரு லாரிக்குப் பின்னால் போனால் கண்ணாடியில் கல் தெறிக்கும். அவர் ஒவ்வொரு டிப்பரையும் கண்டதும் ஓரம் கட்டி நின்று, அது கண்ணுக்கு மறைந்த பிறகு கிளம்புகிறார். காஞ்சிபுரம் கோயிலுக்குப் போனால் ஒரு ஆளை வண்டிக்குக் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் தரிசனம் செய்கிறார்கள். காவலுக்கு எப்போதும் அவருடைய அப்பாதான்.

என் வண்டியில் இனிமேல் கீறல் விழ இடமே இல்லை. ஆடு ஏறி நிற்கும். பையன்கள் பந்து அடிப்பார்கள். கோயில் வாசலில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஒரு முறை உள்ளே போய்விட்டேன். வந்து பார்த்தால் சாவி இருந்தது, டாஷ்போர்டில் வைத்திருந்த குடையைத்தான் காணோம். எனக்கு இருக்கிற ஒரே பயம், சாவியைத் திருப்பினால் எடுக்குமா எடுக்காதா என்பது.

மாட்டுப் பொங்கல் அன்று எடுக்கவில்லை. வருஷா வருஷம் அன்றைக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் புறப்படுகிறார். முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை வழியாக வாலாஜாபாத் வந்து, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று போவார். ஊரே தெருவில் இருக்கும். அந்தத் தெருவின் நடுவில் என் வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது. தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது. ஒரு போலீஸ்காரர் ஜன்னலில் தட்டி, "சாமி வருது, எடுங்க எடுங்க" என்றார். நானும் அதையேதான் வண்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர் பின்னால் சேர்ந்தார்கள். செகண்டு கியரில் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொண்டேன். "கோவிந்தா" என்று யாரோ குரல் கொடுத்தார். எல்லோரும் கோவிந்தா சொல்லித் தள்ளினார்கள். கிளட்சை விட்டேன், குலுங்கியது, நின்றது. மறுபடி கோவிந்தா. பக்கத்தில் சாமி பார்க்க நின்ற பாட்டி ஒருத்தி என் வண்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன், பழக்க தோஷம். சந்து முனையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அணைத்தால் திரும்ப எடுக்காது என்பதால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்தபடியே சேவித்தேன். தள்ளியவர்களில் ஒருவர் ஜன்னல் வழியாகத் தொன்னையில் புளியோதரை நீட்டி, "டைனமோ பாருங்க சார், பேட்டரி சார்ஜ் ஏறல" என்றார். ஏறவில்லைதான். மறுநாள் மெக்கானிக் அதையே சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரர் வண்டி அன்று வெளியே எடுக்கப்படவில்லை. கூட்டத்தில் யாராவது உரசிவிடுவார்கள் என்று மூன்று நாளாக உறை போட்டு மூடி வைத்திருந்தார்.

மச்சானுக்கும் இப்போது ஆசை வந்துவிட்டது. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஒன்று செங்கல்பட்டில் விலைக்கு வந்திருக்கிறதாம். கம்பெனி 2022ல் இங்கே கார் செய்வதை நிறுத்தியதிலிருந்து அந்த வண்டிகளைச் சல்லிசாகக் கேட்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓட்டியது டாக்டராம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம், என் வண்டியில்தான். காலையில் வெயில் வந்த பிறகு கிளம்பலாம் என்கிறார் மச்சான். வெள்ளையைப் பார்க்க வெளிச்சம் வேண்டுமாம். தள்ளுவதற்கு அவர் தம்பியையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.